இயந்திரமும் வேலைவாய்ப்பும்: அந்தமான் மரத்தொழில் உணர்த்தும் உண்மைகள்

இயந்திரம் தொழிலாளியின் வேலையைப் பறிக்கிறதா, பெருக்குகிறதா என்பது பொருளாதார இயலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ, இயந்திரங்களால் சமுதாயத்தின் எல்லா வகுப்பினருக்கும் நன்மையே விளையும் என முதலில் கருதினார். 1821-ல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் பதிப்பில் அக்கருத்தை மாற்றிக்கொண்டு, சில சூழ்நிலைகளில் தொழிலாளருக்குத் தீங்கு நேரக்கூடும் என எழுதினார். இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் விவாதம் ஓயவில்லை. அமெரிக்காவில் 47 சதவிகித வேலைகள் தானியங்கி முறையால் பாதிக்கப்படக்கூடியவை என ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் இருவர் 2013-ல் மதிப்பிட்டனர். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக 2016-ல் தயாரிக்கப்பட்ட மற்றோர் ஆய்வு அந்த விகிதத்தை 9 சதவிகிதம் எனக் குறித்தது. முதல் ஆய்வு தொழில்களை முழுமையாக எண்ணியது. இரண்டாவது ஆய்வு ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் அடங்கிய தனித்தனிப் பணிகளை எண்ணியது. வேறுபாட்டுக்குக் காரணம் இதுவே.

எதிர்காலம் பற்றிய மதிப்பீடுகள் இவ்வாறு முரண்படும்போது, கடந்தகால அனுபவம் ஒன்றை நுணுகி ஆராய்வது பயனுடையது. ஒரு தொழில் தோன்றி, இயந்திரமயமாகி, வளர்ந்து, ஒடுங்கிய வரலாறு முழுவதையும் ஒரு சிறு நிலப்பரப்பிற்குள் காணும் வாய்ப்பு அரிது. அந்தமான் தீவுகளின் மரத்தொழில் அத்தகைய வாய்ப்பை அளிக்கிறது. இயந்திரம் வேலைவாய்ப்பிலும் ஊதியத்திலும் வாணிபத்திலும் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அத்தொழில் தெளிவாகக் காட்டுகிறது. இயந்திரத்தின் மீது சுமத்தப்படும் பழி முழுவதும் இயந்திரத்தையே சாருமா என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது.

இயந்திரத்தின் இரு விளைவுகள்

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். கையால் மரம் அறுக்கும் ஒரு பட்டறையில் 10 பேர் நாளொன்றுக்கு 100 பலகைகள் அறுக்கின்றனர் எனக் கொள்க. இயந்திர ரம்பம் வந்த பின் 2 பேரே அந்த 100 பலகைகளையும் அறுத்துவிடுவர். பலகைக்கான தேவை 100 அளவிலேயே நின்றுவிட்டால் 8 பேர் வேலை இழப்பர். இது இயந்திரத்தின் முதல் விளைவு. வேலை நீக்கம் எனலாம்.

ஆனால் உற்பத்திச் செலவு குறைவதால் பலகையின் விலை குறையும். முன்பு பலகை வாங்க இயலாதவர்களும் வாங்குவர். தேவை 500 பலகைகளாக உயருமானால் அந்தப் 10 பேருக்கும் மீண்டும் வேலை கிடைக்கும். அதற்கு மேலும் உயர்ந்தால் புதிய ஆட்களும் தேவைப்படுவர். இது இரண்டாவது விளைவு. சந்தை விரிவு எனலாம். முதல் விளைவு மேலோங்குமா, இரண்டாவது மேலோங்குமா என்பதை விலைக்கேற்பத் தேவை எந்த அளவு விரியும் என்பதே தீர்மானிக்கிறது. இயந்திரங்களைச் செய்வோர், பழுது பார்ப்போர், சரக்கை ஏற்றி இறக்குவோர் ஆகியோருக்குக் கிடைக்கும் புதிய வேலைகளையும் இத்துடன் சேர்க்க வேண்டும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. மேற்சொன்ன கணக்கில் மறைந்திருக்கும் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. 10 பேரின் வேலையும் காக்கப்பட வேண்டுமாயின் பலகை ஐந்து மடங்காக வேண்டும். பலகை ஐந்து மடங்காக வேண்டுமாயின் வெட்டப்படும் மரமும் ஏறத்தாழ ஐந்து மடங்காக வேண்டும். நூலோ இரும்போ மூலப்பொருளாயின் அதை வெளியிலிருந்து தருவிக்கலாம். எல்லைக்குட்பட்ட ஒரு தீவின் காட்டிலிருந்து மரம் வரவேண்டுமாயின் நிலைமை வேறு. அங்கே வேலைவாய்ப்பின் உச்சவரம்பை நிர்ணயிப்பது காடு. இயந்திரம் அந்த வரம்பை விரைவில் எட்டச் செய்கிறது.

தீவுகளில் மரத்தொழிலின் தோற்றம்

1858-ல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள நகரம் இதுவே. 1883-ல் அங்கு வனத்துறை ஏற்படுத்தப்பட்டது. சாத்தம் தீவில் அரசு மர அறுவை ஆலையும் அதே ஆண்டில் தொடங்கியது. ஆசியாவின் பழமையான ஆலைகளுள் ஒன்றாகக் கருதப்படும் அது இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பின்னர் சீரமைக்கப்பட்டது. செந்நிறமும் உறுதியும் கொண்ட படாக் மரம் உயர்ந்த தளவாடங்களுக்குப் பயன்பட்டது. குர்ஜன் மரம் ஒட்டுப்பலகைக்கும், பப்பிதா, தூப் போன்ற மென்மரங்கள் தீக்குச்சிக்கும் ஏற்றவையாக இருந்தன.

விடுதலைக்குப் பின் தொழில் பன்மடங்கு விரிந்தது. 1951-ல் இத்தீவுகளின் மக்கள்தொகை 30,971 மட்டுமே. குடியேற்றத் திட்டங்களாலும் வேலை தேடி வந்தோராலும் அது 1981-ல் 1,88,741 ஆகவும், 2011-ல் 3,80,581 ஆகவும் உயர்ந்தது. காட்டு வேலைக்கு ராஞ்சிப் பகுதியிலிருந்து பழங்குடித் தொழிலாளர் வந்தனர். ஆலை, துறைமுகம், கட்டிட வேலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் ஏறக்குறைய 15 சதவிகிதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

அரசு ஆலைகளுடன் தனியார் ஆலைகளும் தோன்றின. பம்பூஃபிளாட்டில் அந்தமான் டிம்பர் இண்டஸ்ட்ரீஸ், நடு அந்தமானைச் சேர்ந்த பகுல்தலாவில் ஜெயஸ்ரீ, லாங் தீவில் கிட்பிளை ஆகிய நிறுவனங்கள் ஒட்டுப்பலகையும் மரத்தகடும் தயாரித்தன. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது விம்கோ, போர்ட் பிளேரில் தீக்குச்சி ஆலை நடத்தியது. அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977-ல் பொதுத்துறையில் அமைக்கப்பட்டது.

இங்கு ஒரு தனித்தன்மையைக் குறிப்பிட வேண்டும். இந்தியப் பெருநிலத்தில் நூற்பாலை கைராட்டினத்தையும், அரிசி ஆலை உரலையும் உலக்கையையும் இடம்பெயரச் செய்தன. அந்தமானில் இயந்திரம் எந்தக் கைவினைஞரையும் வேலையிழக்கச் செய்யவில்லை. ஏனெனில் முன்னர் அத்தகைய தொழிலே அங்கு இல்லை. கடைசல் இயந்திரத்தில் சுழலும் குர்ஜன் அடிமரத்திலிருந்து காகிதச் சுருள் பிரிவதைப் போல மெல்லிய தகடு உரிகிறது. தகடுகள் உலர்த்தப்பட்டு, பசையிட்டு அடுக்கப்பட்டு, வெப்ப அழுத்தியில் ஒட்டுப்பலகையாகின்றன. இவ்வேலையைக் கையால் செய்ய முடியாது. ஆகவே தீவுகளில் இயந்திரம் வேலை பறித்ததன்று, வேலை படைத்தது. அது இடம்பெயரச் செய்தது காட்டைத்தான். அடர்ந்த காடுகளையே வாழ்விடமாகக் கொண்ட ஜாரவா போன்ற பழங்குடியினர் அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்த நேர்ந்தது.

காட்டிற்குள் மரம் வெட்டி இழுக்கும் பணியில் இயந்திரமயம் மெதுவாகவே நடந்தது. சரிவான, சேறு நிறைந்த நிலத்தில் அடிமரங்களை இழுக்கப் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட யானைகள் பயன்பட்டன. வடக்கு அந்தமானில் மரம் வெட்டும் உரிமை பெற்றிருந்த தனியார் நிறுவனம் ஒன்று 1962-ல் தொழிலைக் கைவிட்டபோது இன்டர்வியூ தீவில் விட்டுச்சென்ற யானைகளின் வழிவந்தவை காட்டு யானைகளாக வாழ்ந்தன. தொழில் முடியும்போது அதற்கெனக் கொண்டுவரப்பட்டவற்றின் கதி என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மனிதரைப் பொறுத்தவரை அது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது.

கப்பல் கட்டணமும் வாணிபமும்

போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். இத்தூரமே தீவுத் தொழில்களின் தலைவிதியை எழுதுகிறது. அடிமரத்தின் எடையில் கணிசமான பகுதி ஈரமும் கழிவும் ஆகும். அதை அப்படியே கப்பலில் ஏற்றினால் பயனற்ற எடைக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். பலகையாகவோ தகடாகவோ தீக்குச்சியாகவோ மாற்றி ஏற்றினால் கட்டணம் குறையும். ஆகவே ஆலைகள் காட்டருகே அமைந்தன. மூலப்பொருளின் எடை உற்பத்தியின்போது குறையும் தொழில்கள் மூலப்பொருள் கிடைக்கும் இடத்தை நாடும் என்ற விதிக்கு இது தக்க சான்று.

மரம் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. பசை, உதிரிப் பாகங்கள், மின்சார உற்பத்திக்கு வேண்டிய டீசல், தொழிலாளரின் அரிசி, பருப்பு ஆகிய அனைத்தும் அவ்வாறே. இக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு, மத்திய அரசு 1971-ல் தொடங்கிய போக்குவரத்து மானியத் திட்டத்தில் இத்தீவுகளும் சேர்க்கப்பட்டன. மானியம் ஆலைகளுக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின் மானியம் இருபுறமும் வெட்டும் கத்தியாகும். அது தொலைதூரத்தில் வாழும் தொழிலாளிக்கு வேலை தருகிறது. அதே நேரத்தில், இயற்கை மரத்தின் உண்மையான விலையைச் சந்தை அறியாமல் மறைத்தும் விடுகிறது. விலை மறைந்தால் சிக்கனம் தோன்றாது.

தீக்குச்சியில் நடந்த போட்டி

தீவின் ஆலைக்கும் தமிழ்நாட்டின் கைத்தொழிலுக்கும் இருந்த உறவைத் தீக்குச்சித் தொழில் காட்டுகிறது. சுவீடன் மூலதனத்தால் 1923-ல் நிறுவப்பட்ட விம்கோ, முழு இயந்திர முறையில் தீப்பெட்டி தயாரித்தது. சென்னைத் திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை இருந்த பகுதி இன்றும் விம்கோ நகர் என்றே வழங்குகிறது. அதே காலத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். அங்கு ஆட்கூலி மலிவு, நிலம் வறண்டது, வேளாண்மையில் ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பதில்லை. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், மருந்து முக்குதல் என வேலை பிரிக்கப்பட்டு, வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் நடந்தது.

இயந்திரமும் கையும் சந்தையில் மோதும்போது இயந்திரமே வெல்லும் என எதிர்பார்க்கலாம். இங்கு அவ்வாறு நடக்கவில்லை. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி விதிக்கப்பட்டது. சிறு உற்பத்தியாளருக்கு வரிச் சலுகை தரும் கொள்கை விடுதலைக்குப் பின் வலுப்பட்டது. சிறுதொழில்களைக் காத்து வேலைவாய்ப்பைப் பெருக்க வேண்டும் என்று 1955-ல் கார்வே குழு அளித்த பரிந்துரையின் நோக்கத்திற்கு இது இயைந்தது. குறைந்த கூலியும் குறைந்த வரியும் சேர்ந்து கைத்தொழிலுக்குச் சந்தையின் பெரும்பகுதியைப் பெற்றுத் தந்தன. சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களில் பல்லாயிரம் குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், இதனால் வாழ்வு பெற்றனர்.

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எண்ணிக்கைக்கேற்ற கூலி மிகக் குறைவாக இருந்ததால் குழந்தைகளின் கைகளும் வேலைக்கு வந்தன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசித் தொழில்களைப் பற்றிய வழக்கில் கடுமையான ஆணைகள் பிறப்பித்தது. சட்டத்தின் கண்டிப்பும் கல்வியின் பரவலும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதை அரிதாக்கின. அதன்பின், கட்டை அடுக்குதல் உள்ளிட்ட வேலைகளுக்கு இயந்திரங்கள் பரவலாக வந்தன. 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவிகிதமும் ஏனையவற்றுக்கு 18 சதவிகிதமும் விதிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அவ்வேறுபாடு நீக்கப்பட்டு 12 சதவிகிதம் என ஒரே விகிதம் ஏற்பட்டது. ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியின் விலை 14 ஆண்டுகளுக்குப் பின் 2021 டிசம்பரில்தான் 2 ரூபாயாயிற்று. விலை இவ்வாறு நிலைத்திருக்க, மூலப்பொருட்களின் விலை ஏறும் தொழிலில் கூலியை உயர்த்த இடம் குறைவு. வரி வேறுபாட்டால் வேலையைக் காக்கலாம்; அந்த வேலை நல்ல வேலையாக இருக்கும் என்பதற்கு அது மட்டும் உறுதியளிக்காது.

இப்போட்டியின் ஊடே மூலப்பொருளும் இடம் மாறியது. விம்கோ நிறுவனம் 1980-களில் வட இந்திய உழவர்களிடையே பாப்லர் மர வளர்ப்பை ஊக்குவித்தது. தென்னாட்டுத் தீக்குச்சிக்குக் கேரளத்து மென்மரங்கள் பயன்பட்டன. நிலத்தில் நட்டு வளர்க்கக்கூடிய மரம் கிடைத்தபோது, கடல் கடந்து வரும் காட்டு மரத்தின் இன்றியமையாமை குறைந்தது. தீவின் தீக்குச்சி வேலை சிவகாசித் தொழிலாளியின் கையை மட்டுமின்றி, பஞ்சாப், உத்தரப் பிரதேச உழவரின் வயலையும் எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று.

கூலியை நிர்ணயிப்பது எது?

ஆலையில் ஒரு தொழிலாளியின் உற்பத்தித்திறன் உயர்ந்தால் அவர் கூலியும் உயரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. உற்பத்தித்திறன் கூலிக்கு ஒரு மேல் எல்லையை மட்டுமே தருகிறது. அந்த எல்லைக்குள் எவ்வளவு கிடைக்கும் என்பது தொழிலாளிக்குள்ள மாற்று வாய்ப்பு, சங்கத்தின் வலிமை, சட்டத்தின் பாதுகாப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. லாங் தீவைப் போன்ற ஊரில் ஒரே ஆலையே முதன்மையான வேலை தருபவராக இருக்கும்போது, வேலையை விடுவதென்றால் தீவையே விட்டுப் போவதாகிவிடும். இத்தகைய சந்தையில் தொழிலாளியின் பேரம் பேசும் ஆற்றல் இயல்பாகவே குறைவு. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் தொழிற்சங்கமும் இங்கே தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

இயந்திரமயம் தொழிலாளரையும் இரு பிரிவாக்குகிறது. ரம்பப் பற்களைத் தீட்டிச் சீர்செய்பவர், கொதிகலனை இயக்குபவர், கடைசல் இயந்திரத்தில் தகட்டின் கனத்தைக் கணக்கிடுபவர் ஆகியோர் நீண்ட பயிற்சியால் திறன் பெற்றவர்கள். அடிமரத்தை உருட்டுவோரும் தகடு அடுக்குவோரும் எளிதில் மாற்றக்கூடியவர்கள். முதற்பிரிவினருக்குக் கூலி அதிகம். ஆனால் அவர்களது திறன் ஒரு தொழிலுக்கே உரியது. அத்தொழில் மூடப்படும் நாளில் அதிக இழப்பு அடைபவர்களும் அவர்களே. உலகில் தானியங்கி முறையால் வேலையிழந்தோரைப் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. புதிய வேலை கிடைத்தாலும் பழைய ஊதியம் கிடைப்பதில்லை.

2002-ஆம் ஆண்டின் திருப்பம்

1988-ல் வெளியிடப்பட்ட தேசிய வனக்கொள்கை, வனம் சார்ந்த தொழில்கள் தமக்கு வேண்டிய மூலப்பொருளை இயன்றவரை உழவர் வளர்க்கும் மரங்களிலிருந்து பெற வேண்டும் என்றது. அருணாசலப் பிரதேசம், கேரளம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகியவற்றின் வெப்பமண்டலக் காடுகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் அது பெயர் சுட்டிக் கூறியது. 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2001 அக்டோபரில் அந்தமானில் மரம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. பின்னர், ஆராய்ந்து அறிக்கை தர சேகர் சிங் என்பவரை ஆணையராக நியமித்தது. அவரது அறிக்கையை ஏற்று, 2002 மே 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தது. தீவுகளிலிருந்து வெளியே மரம் அனுப்புவது தடுக்கப்பட்டது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் கட்டுப்பாட்டுடன் மரம் எடுக்க இடமளிக்கப்பட்டது. ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. சாத்தம் ஆலை உள்ளூர்த் தேவைக்கெனச் சிறு அளவில் இயங்கி வந்தது. வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை 2017-ல் ஒப்புதல் அளித்தது.

இந்த வேலையிழப்புக்கு இயந்திரம் காரணமா? நேரடியாக இல்லை. எந்த ஆலையிலும் புதிய இயந்திரம் வந்து தொழிலாளரை வெளியேற்றியதால் இது நேரவில்லை. ஆனால் மறைமுகமான தொடர்பு உண்டு. இயந்திர ஆலை பெரும் மூலதனத்தை உட்கொண்டது. வட்டியும் தேய்மானமும் ஆலை இயங்காத நாளிலும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே கடைசல் இயந்திரத்திற்கு இடைவிடாது அடிமரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கோடரியும் யானையும் கொண்டு நடக்கும் தொழில் காட்டின் வேகத்திற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ள முடியும். இயந்திர ஆலையால் அது எளிதன்று. வெட்டிய இடத்தில் இயற்கையாகவே மரக்கன்றுகள் எழும்ப வழிசெய்யும் முறைகளை அந்தமான் வனத்துறையினர் வகுத்திருந்தனர். ஆயினும் மரம் முதிர்வதற்கு ஆகும் காலம் பல பத்தாண்டுகள். ஆலையின் கணக்கு ஓராண்டுக்கானது. இவ்விரு காலக் கணக்குகளும் ஒத்துப்போகவில்லை.

காட்டைக் காத்த முடிவு நாட்டு நலன் கருதியது. கேள்வி அதுவன்று. 1988-க்கும் 2002-க்கும் இடையே 14 ஆண்டுகள் இருந்தன. தொழிலின் முடிவு எழுத்தில் தெரிந்துவிட்ட அந்தக் காலத்தில், பகுல்தலாவிலும் லாங் தீவிலும் பம்பூஃபிளாட்டிலும் இருந்த தொழிலாளருக்கு மாற்றுத் தொழில் போதிய அளவில் உருவாகவில்லை. ஒரு ஆலையை நம்பியிருந்த ஊரில் ஆலை நின்றபோது, கடையும் படகும் பள்ளியும் சேர்ந்தே தளர்ந்தன. மக்கள் வெளியேறினர்.

நாடு முழுவதையும் நோக்கினால் ஒட்டுப்பலகைத் தொழில் அழியவில்லை, இடம் மாறியது. ஹரியாணாவின் யமுனாநகரில் பாப்லர், யூகலிப்டஸ் மரங்களைக் கொண்டும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தைக் கொண்டும் அது பெருகியது. தேசியக் கணக்கில் வேலைகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். ஆனால் அவ்வேலைகளைப் பெற்றவர்கள் வேறு மக்கள். தானியங்கி முறையாலும் வாணிபத்தாலும் விளையும் ஆதாயம் நாடெங்கும் பரவுகிறது. இழப்போ ஓர் ஊரில் குவிகிறது. சராசரிகள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும் என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது.

சட்டத்தின் பாதுகாப்பு

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரவேண்டும் என விதித்தது. நிறுவனம் மூடப்படும்போதும் இத்தகைய ஈடு உண்டு. முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் மூடப்பட்டால் அது மூன்று மாத ஊதியத்திற்கு மேற்படாது என அச்சட்டம் வரம்பிட்டது. நெடுநாள் பணியாற்றியவருக்கு இவ்வரம்பு பேரிழப்பாகும். அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையை முதலாளி செலுத்தும் மறுபயிற்சி நிதி ஒன்றுக்கு அதில் வகை செய்யப்பட்டுள்ளது. மறுபயிற்சியைச் சட்டமே ஒப்புக்கொண்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் 15 நாள் ஊதியத்தைக் கொண்டு ஒருவர் எந்த அளவு புதிய தொழில் கற்க இயலும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், கற்ற தொழிலுக்கு அதே தீவில் வேலை இருந்தாலன்றிப் பயிற்சி பயன் தராது.

இனி வரும் தொழில்கள்

இத்தீவுகளில் இன்று அரசுப் பணியும் சுற்றுலாவும் மீன்பிடித் தொழிலும் முதன்மையான வாழ்வாதாரங்கள். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் செயற்படத் தொடங்கியது. கப்பல் கட்டணம் இல்லாத வாணிபத்திற்கு, அதாவது கணினி வழி நடைபெறும் சேவைகளுக்கு, இது வழி திறந்துள்ளது. கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் உள்ளடங்கிய பெருந்திட்டம் 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது. பழங்காலத் துறைமுகங்களில் மூட்டை சுமந்த நூற்றுக்கணக்கானோரின் வேலையைச் சரக்குப் பெட்டக முனையங்களில் சில பாரந்தூக்கிகளும் அவற்றை இயக்கும் சிலரும் செய்துவிடுகின்றனர். ஆகவே சரக்கின் அளவைக் கொண்டு வேலைவாய்ப்பை மதிப்பிடுவது தவறாகும். அவ்வேலைகளில் எவை தீவு இளைஞர்களுக்குக் கிடைக்கும், அவற்றுக்குரிய பயிற்சி எப்போது, எங்கே தரப்படும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். காட்டுக்கும் பழங்குடியினருக்கும் நேரும் இழப்பு எவ்வளவு என்பதையும் அதே கணக்கேட்டில் எழுத வேண்டும்.

மரத்தொழிலின் வரலாற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, ஓர் ஆலைக்கு அனுமதி அளிக்கும்போது அதன் இயந்திரத் திறனை மூலப்பொருள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அளவுக்குள் நிறுத்த வேண்டும். இரண்டாவதாக, மானியமோ வரி வேறுபாடோ அளிக்கப்படுமாயின், அது முடியும் ஆண்டையும் அதற்குள் தொழில் அடைய வேண்டிய நிலையையும் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். மூன்றாவதாக, கொள்கை மாற்றம் தெரிந்த நாளிலிருந்தே மறுபயிற்சி தொடங்க வேண்டும். கதவு அடைபட்ட பின் தொடங்கும் பயிற்சி காலங்கடந்தது. நான்காவதாக, ஒரே ஆலையை நம்பிய ஊர்களில் இரண்டாவது தொழில் ஒன்றை வளர்ப்பது திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

இயந்திரம் தானாக நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. அது உழைப்பின் பயனைப் பெருக்குகிறது. அப்பயன் யாருக்குச் சேரும், அதன் விலையை யார் செலுத்துவர் என்பதை விதிகளும் திட்டங்களுமே முடிவு செய்கின்றன. அந்தமானின் கடைசல் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. கலாத்தியாவிலும் கோவில்பட்டியிலும் புதிய இயந்திரங்களுக்குத் திட்டமிடுவோர் அந்த 14 ஆண்டுகளை நினைவில் கொள்வார்களாயின், அடுத்த மாற்றத்தின் சுமை ஒரு சில ஊர்களின் தோள்களில் மட்டும் இறங்காமல் தடுக்கலாம்.